காட்டேரிக்கும் ஒரு வாங்க

சந்திரலேகா எழுதும் நாடகங்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு நல்ல வேடம் கிடைத்ததே இல்லை. நல்ல வசனம் எல்லாம் செத்தவர்களுக்குத்தான். எலும்புக்கூட்டுக்குப் பெண் பார்க்கப் போகும் நாடகம் ஒன்றை ஆத்தங்குடித் திருவிழாவில் போட்டாள். பெண் வீட்டார் மாப்பிள்ளை கொஞ்சம் ஒல்லி என்று இழுப்பார்கள், அரசு வேலை என்று தெரிந்ததும் ஒல்லிதான் ஆரோக்கியம் என்பார்கள். குன்றக்குடியில் போட்டது வேறொன்று. அதில் ஒரு குமாஸ்தா செத்த பிறகும் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருப்பார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசியில் பதவி உயர்வும் கொடுத்துவிடுவார்கள்.

ஏன் பேயையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். மனிதர்களை வைத்து எழுதினால், எங்களைத்தானே சொல்கிறாய் என்று கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பேய்களுக்குச் சங்கம் கிடையாது.

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வாங்கிய பட்டத்தை வைத்துக் காரைக்குடியில் ஒரு டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். முகத்துக்கு நேரே பேசுவாள், பேசிவிட்டுத் தூங்கிவிடுவாள். கேட்டவர்கள்தான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரியில் கூடப் படித்த மூன்று பேர்தான் அவளுடைய நாடகக் குழு. செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஹுமாயூன் எப்போதும் பிரதானப் பேய். உயரமும் சோகமான கண்ணும் அவனுக்கு இயற்கையிலேயே அமைந்திருந்தன. சேவுகன் டாக்டர், பூசாரி, போலீஸ் என்று எது வேண்டுமானாலும் ஆவான், எல்லாவற்றுக்கும் ஒரே மீசை. அழகிக்கு வயது இருபத்து நான்குதான், ஆனால் ஐம்பது வயது அம்மாள் வேடம் கட்டினால் சொந்த அம்மாவே கும்பிட்டுவிடுவாள்.

அவர்களுக்குப் பள்ளத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. தண்டாயுதபாணி செட்டியாருக்கு அறுபது நிறைகிறது. அதை இந்தப் பக்கம் சாந்தி என்று சொல்லிக் கல்யாணத்துக்கு மேலாகக் கொண்டாடுவார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தமெல்லாம் வந்து இறங்கும். முதல் நாள் சாயங்காலம் விருந்தாளிகளுக்குப் பொழுது போக வேண்டும். செட்டியாரின் மருமகள் ரோகிணி சென்னையில் இருந்துகொண்டே எல்லா ஏற்பாட்டையும் வாட்ஸப்பில் செய்கிறவள். இவர்களுடைய எலும்புக்கூட்டு வீடியோவை எங்கோ பார்த்துவிட்டாள். பிள்ளைகள் ரத்தம் குடிக்கும் பேய் வேண்டும் என்கிறார்கள், காமெடியாக இருக்க வேண்டும், வீட்டையே செட்டாக வைத்துக்கொள்ளலாம், நிஜமான வாசல் வழியாகவே பேய் வரட்டும் என்று கேட்டாள்.

லேகா உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை என்பதால் ஹுமாயூனுக்குச் சந்தேகம் வந்தது. என்ன விஷயம் என்று நோண்டினான்.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் விசேஷம் என்றால் அடுப்படி லேகாவின் அம்மா சுபலட்சுமியின் கையில். லேகா பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெருவில், அடுப்படியின் பின்வாசல் இன்னொரு தெருவில். சுபலட்சுமி பின்வாசலில் வந்து பின்வாசலில் போகிறவள். அந்த வீட்டு முன்வாசலில் ஒரு பழக்கம் உண்டு. யார் படியேறி வந்தாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், போதும் என்று மற்றவர்கள் சும்மா இருக்கக் கூடாது. காய்ச்சலில் படுத்திருப்பவரும் தலையைத் தூக்கிச் சொல்வார். யாராவது ஒருவர் சொல்ல மறந்தால் வந்தவர் அதைப் பத்து வருஷம் மறக்க மாட்டார். சிறுவயதில் அடுப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய காலம் முழுவதும் அந்த ‘வாங்க’ சுவரைத் தாண்டி லேகாவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அம்மாவைப் பார்த்து அந்த வீட்டில் ஒருவரும் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. ‘வந்துட்டியா’ என்பார்கள். ‘வந்தாச்சா, அடுப்பப் பத்த வையி’ என்பார்கள்.

ரத்தம் குடிக்கும் பேய்க்கு ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் கூப்பிடாமல் அது வாசற்படியைத் தாண்ட முடியாது. லேகா அந்தச் சட்டத்தைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டாள்.

நாடகம் இப்படிப் போகும். காட்டேரி வாசலில் வந்து நிற்கும். வீட்டில் உள்ளவர்கள் எல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பதால் யாரும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். காட்டேரி கூரியர்காரனாக வரும், சிலிண்டர் கொண்டுவரும், ஓட்டுக் கேட்டு வரும், ஒன்றும் பலிக்காது. கடைசியில் அந்த வீட்டுச் சமையல்காரி முன்வாசலுக்கு வந்து அதன் பக்கத்தில் நிற்பாள். நீ எத்தனை நாளாக நிற்கிறாய் என்று அவள் கேட்பாள். ஒரு மணி நேரமாக நிற்கிறேன், நீ என்று அது கேட்கும். நான் இருபத்தாறு வருஷமாக என்பாள். பிறகு இருவரும் சபையைப் பார்த்து, எங்களில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்பார்கள். காட்டேரியா, சோறு போட்டவளா என்றால் சபை யாரைக் கூப்பிடும்? கூப்பிட்டதும், சமையல்காரியாக நிற்கும் லேகா, என்னை இல்லை, எங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அம்மாவை வாசலுக்கு வரவழைப்பாள். ஊர் பார்க்க, விளக்கு வெளிச்சத்தில், நூறு வாயால் ஒரு வாங்க.

இந்தக் கடைசிப் பகுதி ஹுமாயூனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் யோசித்துவிட்டு, ஒங்கம்மாட்டக் கேட்டியா என்றான். கேட்டால் வேண்டாம் என்பார்கள், அதனால் கேட்கவில்லை என்றாள் லேகா.

முதல் முட்டுக்கட்டை அகிலாண்டேஸ்வரி ஆச்சியிடமிருந்து வந்தது. தண்டாயுதபாணியின் மனைவி. மறுநாள் புருஷன் கையால் மறுபடி தாலி வாங்கிக்கொள்ளப் போகிற வீட்டில் பிணம், சவப்பெட்டி, கறுப்புத் துணி என்று எதுவும் வாசல் மிதிக்கக் கூடாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயுசு கெட்டியாக வேண்டும் என்று ஹோமம் வளர்க்கிற வீட்டில் செத்தவனைக் கூட்டிவந்து சிரிப்புக் காட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ரோகிணி நடுவில் புகுந்து சமாதானம் பேசினாள். பேசி முடித்தபோது காட்டேரி கதையில் இருக்கலாம், ஆனால் செத்துப்போனவர் என்று சொல்லக் கூடாது, ரொம்ப வயசானவர் என்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஆச்சி கேட்டார், எத்தனை வயசு. நானூறு என்றாள் லேகா.

“அப்ப ஆறேழு சாந்தி பண்ணியிருப்பாரு. நல்ல சகுனந்தான். கறுப்பு மட்டும் வேணாம், பட்டு வேட்டி கட்டிவிடு.”

கறுப்பு அங்கிக்குப் பதிலாகப் பட்டு வேட்டி, சரிகைத் துண்டு, நெற்றியில் விபூதி. வாயில் மட்டும் பிளாஸ்டிக் கோரைப்பல். அலங்காரம் முடிந்து நின்ற ஹுமாயூனைப் பார்த்து சேவுகன், காட்டேரி மாதிரி இல்லை, சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி இருக்கிறது என்றான். லேகா அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

ஒத்திகை எல்லாம் காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்தது. காலி நாற்காலிகள் பேசாது என்பதும் அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் முன்கட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. முதல் வரிசை முழுக்க வைரத்தோடு. அதன் பின்னால் பட்டு வேட்டிகள், அதற்கும் பின்னால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள். பெரிய தேக்குக் கதவு இரண்டும் விரியத் திறந்து, நிலைக்கு இரு பக்கமும் விளக்குப் போட்டிருந்தார்கள். கூடத்தில் ஊஞ்சலில் அழகி, ஆச்சி வேடத்தில், செல்போனைப் பார்த்தபடி. லேகாவும் சேவுகனும் வெளியே கதவு மறைவில். ரோகிணி மைக்கைப் பிடித்து இரண்டு மொழியில் வரவேற்புச் சொல்லி முடித்தாள்.

ஹுமாயூன் படியேறினான். நிலைக்கு இந்தப் பக்கம் நின்றான். சோகமான கண்ணால் உள்ளே பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தான்.

“வாங்க,” என்றார் முதல் வரிசையில் ஓர் ஆச்சி.

பக்கத்தில் இருந்தவர் சும்மா இருக்க முடியுமா? “வாங்க.” அதற்கடுத்தவர், “வாங்க.” பின் வரிசையில் செட்டியார்கள், “வாங்க, வாங்க.” தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒருவர் விழித்து எதிரில் பட்டு வேட்டியைப் பார்த்ததும் துண்டைச் சரிசெய்துகொண்டு, “அடடே, வாங்க,” என்றார். அது வரிசை வரிசையாகக் கூடத்தின் கடைசி வரைக்கும் போய், தூண் ஓரம் நின்றவர்களைத் தொட்டுவிட்டுத்தான் நின்றது. யாரும் கேலிக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. வாசலில் ஒருவர் நின்றால் அது வரத்தான் செய்யும்.

காட்டேரி ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வேண்டிய நாடகத்தில் அது ஒரு நிமிஷத்தில் நூறு அழைப்பு வாங்கிவிட்டது. கதவு மறைவில் லேகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். உள்ளே போகாதே, போகாதே என்று கையை ஆட்டினாள். ஆனால் ஹுமாயூன் மரியாதை தெரிந்த வீட்டுப் பிள்ளை. இத்தனை பெரியவர்கள் கூப்பிட்ட பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்க அவனுக்கு மனசு வரவில்லை. வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டிவிட்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தான்.

எழுதிவைத்த வசனம் அத்தோடு முடிந்தது. அழகிதான் காப்பாற்றினாள். செல்போனைக் கீழே வைத்துவிட்டு, உக்காருங்க, எந்த ஊரு, எந்தக் கோயில் வகையறா என்று ஆரம்பித்தாள். ஊர் ருமேனியாப் பக்கம் என்றான் காட்டேரி. அங்கே நம் ஆட்கள் யாரும் கடல் தாண்டித் தொழிலுக்கு, கொண்டுவிற்கப் போகவில்லையே என்று பின் வரிசையில் ஒரு செட்டியார் நிஜமாகவே யோசித்தார். அதன்பிறகு நாடகம் மேடையில் நடந்ததா சபையில் நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒருவர். வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று காட்டேரி. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு வெளியில் சாப்பிடுவதா என்று இன்னொருவருக்குக் கோபம். யாரோ உள்ளே போய் நிஜக் காப்பியே கொண்டுவந்து கையில் திணித்துவிட்டார்கள். குடித்ததில் கோரைப்பல் கழன்று டம்ளருக்குள் விழுந்தது. அவன் அதை விரலால் துழாவி எடுப்பதைப் பார்த்து பிள்ளைகள் தரையில் உருண்டார்கள்.

பல்லை மாட்டிக்கொண்டு கடமையை நிறைவேற்ற ஒரு பெரியவரின் கழுத்துப் பக்கம் குனிந்தான். அவர் ஏதோ ரகசியம் சொல்ல வருகிறான் என்று காதைக் கொடுத்தார். பிறகு புரிந்துகொண்டு அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“எனக்கு முந்நூறுக்கு மேல சுகர் தம்பி. ஒனக்கு ஒத்துக்கிருமா? பாத்துக் குடி.”

சேவுகன் டாக்டராக வந்தான், வாங்க. மீசையை மாற்றாமல் பூசாரியாக வந்தான், வாங்க. சிலிண்டர் போடுகிறவனாக வந்தான், அதற்கும் வாங்க. இப்போது சபைக்கே அது விளையாட்டாகிவிட்டது. நிலையில் நிழல் தெரிந்தால் போதும், நூறு குரல் ஒன்றாக எழும்பியது. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டார்கள். தெரு நாய் ஒன்று எட்டிப்பார்த்தது. அதற்கும் சொன்னார்கள்.

கதவு மறைவில் லேகாவின் கோபம் இறங்கிவிட்டது. நாடகம் போனால் போகட்டும். இத்தனை வாங்க வாரி இறைக்கிற கூடத்தில் தன் பங்குக்கு ஒன்று நிச்சயம் என்று தோன்றியது. எழுதியதைவிட இது நல்லதாகவே முடியும். அம்மா உள்ளே வளவில், நடுமுற்றத்து ஓரத்தில், கரண்டியோடு வந்து நின்று சிரித்துக்கொண்டிருப்பது இங்கிருந்து தெரிந்தது. லேகா சேலையைத் தூக்கிச் செருகினாள். குழம்புச் சட்டியை இடுப்பில் வைத்தாள். படியேறி நிலையில் நின்றாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெறுப்பில் இல்லை, வேண்டுமென்று செய்ததும் இல்லை. அவர்களுடைய வாய்க்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான். பட்டு வேட்டிக்குத் தானாக வந்தது, சிலிண்டருக்கு வந்தது, நாய்க்கு வந்தது. இடுப்பில் சட்டியோடு நிற்பவளைப் பார்த்ததும் சிரித்த முகங்கள் சிரித்தபடியே அடுத்து என்ன என்று காத்திருந்தன. முதல் வரிசையிலிருந்து ஒருவர் அக்கறையோடு கையைக் காட்டினார்.

“கொழம்ப அங்குட்டு வச்சுரு புள்ள. சுடும்.”

லேகா நகரவில்லை. ஊஞ்சலில் இருந்த அழகிக்கு அடுத்தது என்ன என்று தெரியவில்லை. ரோகிணி தூணுக்குப் பின்னால் இருந்து, லேகா, மூவ், மூவ் என்று வாயசைத்தாள்.

“யாராச்சும் கூப்பிட்டாத்தான் உள்ள வருவேன்,” என்றாள் லேகா.

சபை சிரித்தது. இவளும் காட்டேரியா என்று ஒரு குரல். சிரிப்பு இன்னும் பெரிதானது. நடு நாற்காலியில் இருந்த தண்டாயுதபாணி செட்டியாருக்கு மட்டும் அது வசனம் இல்லை என்று லேசாகப் பட்டிருக்க வேண்டும். அவர் நல்ல மனிதர். இந்தப் பெண் அடுப்படியில் உட்கார்ந்து படித்ததைப் பார்த்தவர். எழுந்து நின்று வாஞ்சையோடுதான் சொன்னார்.

“கூப்பிடுறதெல்லாம் வெளியாளுக்குத்தான். நீ நம்ம வீட்டுப் புள்ள. ஒனக்கு எதுக்கு அழைப்பு?”

கூடம் நெகிழ்ந்துபோனது. இரண்டு ஆச்சிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாராவது போடி என்று சொல்லியிருந்தால் லேகா வாசலிலேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். இப்படி அன்பாகச் சொன்னால் எந்தப் பக்கம் கடிப்பது? இடுப்பில் சட்டி வழுக்கியது.

ஹுமாயூன் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். பல்லைக் கழற்றிப் பையில் போட்டான். அவளைப் பார்த்து, தெளிவாக, வாங்க என்றான்.

“நீ சொன்னாச் செல்லாதுப்பா,” என்றார் சுகர்காரர். “நீயே இப்பத்தான வந்திருக்கே.”

இந்த இடத்தில்தான் சுபலட்சுமி வந்தாள். வளவிலிருந்து, கரண்டியைக் கையில் பிடித்தபடி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் நேராக நடந்து வந்தாள். பட்டுச் சேலைகள் ஒதுங்கி வழிவிட்டன. முன்வாசல் நிலைக்கு உள்பக்கம் வந்து இடுப்பில் கை வைத்து நின்று மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

“வாங்க பட்டதாரியம்மா, வாங்க. அங்க எலை போட ஆளில்ல, நீங்க நெலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக. உள்ள வாரீகளா, இல்ல தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணுமா?”

கூடம் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது. அதைவிட நல்ல முடிவை எந்த நாடகக்காரரும் எழுத முடியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். கைதட்டல் ஓயவே இல்லை. ரோகிணி பாட்டைப் போட்டுவிட்டாள். அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த வழியே கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். அம்மாவுக்கு வாங்க கிடைக்க வேண்டும் என்று எழுதிய நாடகம் இது. அம்மா வாங்கவில்லை, கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதுவும் நக்கலாக.

சுபலட்சுமி நேராகப் பந்தி வேலையில் இறங்கினாள். இலை போட்டாள், பரிமாறினாள், ஆடினவர்களுக்கு இரண்டு பணியாரம் கூட வைத்தாள். ஹுமாயூனுக்கு மூன்று. எல்லாம் அடங்கிப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

“என்னடி நெனப்பு ஒனக்கு? யாரக் கேட்டு என் வேசத்தக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னே?”

லேகா மறைக்கவில்லை. நினைத்தது, எழுதியது, கடைசியில் அம்மாவைக் கூப்பிட வைக்க இருந்தது, எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா சாம்பார் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“நம்ம வீட்டுப் புள்ளன்னு சொன்னாகள்ல. அதுல என்ன கொறஞ்சு போச்சு?”

“அவுக சொந்த மக சென்னையில இருந்து வந்து எறங்குச்சுல்ல, அதுக்கு என்னம்மா சொன்னாக? நம்ம வீட்டுப் புள்ளைக்கு அழைப்பு எதுக்குன்னா சொன்னாக? அத்தன பேரும் வாங்க வாங்கன்னு வாசலுக்கே போனாக.”

அண்டாவுக்குள் தேய்க்கிற சத்தம் நின்றது. அப்போது முன்பக்கம் ஏதோ கார் வந்து நின்றிருக்க வேண்டும். கட்டுகளைத் தாண்டி, வளவைத் தாண்டி, அடுப்படிச் சுவரைத் தாண்டி வரிசையாக அந்தச் சொல் வந்தது. கிழக் குரலில் ஒன்று, பெண் குரலில் ஒன்று, தூக்கக் கலக்கத்தில் ஒன்று. சுபலட்சுமி கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இத்தன வருசமா இது எங் காதுல விழுந்ததே இல்லடி,” என்றாள். “குக்கர் சத்தம் மாதிரி அது பாட்டுக்குக் கெடந்துச்சு. நான் பாட்டுக்கு இருந்தேன். சொல்லிக் கெடுத்துப்புட்டே.”

பிறகு அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். அன்று ராத்திரி லேகா முதன்முறையாகத் தூக்கம் வராமல் புரண்டாள்.

மறுநாள் சாந்தி. பொழுது விடிகிற நேரத்தில் அம்மாவும் மகளும் காய்கறிக் கூடைகளோடு வந்தார்கள். தெருமுனையில் வலது பக்கம் திரும்பினால் பின்வாசல் தெரு. சுபலட்சுமி திரும்பவில்லை.

இங்குட்டு எங்கம்மா என்றாள் லேகா. கூடை கனக்கிறது, சுற்றிப் போக முடியாது என்றாள் அம்மா. உண்மையில் முன்வாசல் வழிதான் சுற்று. படியேறி, கூடம் தாண்டி, வளவு தாண்டி, இரண்டு கட்டுத் தாண்டித்தான் அடுப்படி. லேகா வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

முன்வாசலில் மாவிலை கட்டியிருந்தது. மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து நாதஸ்வரத்துக்குச் சீவாளி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்படியில் மாப்பிள்ளை நின்றார். தண்டாயுதபாணி செட்டியார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னும் முழுதாக விழிக்காத முகம். யாரோ படியேறும் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“வாங்க,” என்றார் நுரைக்கு நடுவில்.

சொன்ன பிறகுதான் யார் என்று பார்த்தார். பிரஷ் வாயிலேயே நின்றது. சுபலட்சுமி அவசரப்படவில்லை. விருந்தாளிகள் செய்வது போல, ஒரு தடவை, மெதுவாகத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். வலது காலை எடுத்து நிலைக்கு உள்ளே வைத்தாள். கூடத்துக்குள் போய்க்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“காப்பி இப்பவே வேணுமா, குளிச்சுட்டா ஐயா?”

செட்டியார் பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு கீழ்ப்படியில் கூடையோடு நின்ற லேகாவைப் பார்த்தார்.

லேகாவும் அவரைப் பார்த்தாள்.

அவர் பிரஷ்ஷை எடுத்து, போ, உள்ளே போ என்று சைகை காட்டினார். பிரஷ்ஷால் கூப்பிட்டால் கணக்கில் வராது. அவள் நகரவில்லை. மேளக்காரர்கள் சீவாளியை விட்டுவிட்டு இதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உள்ளே அம்மா அடுப்படியை அடைந்து பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது. செட்டியார் ஒரு விரலைத் தூக்கி, இரு என்று காட்டிவிட்டு, வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனார்.

வாழைத்தண்டும் பூசணியும் சேர்ந்து கூடை நல்ல கனம். லேகா அதை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள்.